150 பார் இருக்கிறது, எத்தனை மிதி இருக்கிறது? பிரேக் அக்குமுலேட்டர் அறிமுகம்

கல் குவாரியில் ஓடும் வீல் லோடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பக்கெட் நிறைய ஜல்லியோடு இறங்கும்போது மொத்த எடை 20 டன்னைத் தாண்டிவிடும். இவ்வளவு எடையைக் கால் பலத்தால் மட்டும் நிறுத்த முடியாது. அதனால் இந்த வண்டிகளில் பிரேக் பெடல் என்பது ஒரு வால்வ்தான். மிதித்தால் வழி திறக்கும், அழுத்தத்தில் இருக்கும் ஆயில் பாய்ந்து சக்கரங்களுக்குள் இருக்கும் பிரேக் தட்டுகளை நெருக்கும். அந்த அழுத்தத்தைக் கொடுப்பது பம்ப், பம்பைச் சுற்றுவது இன்ஜின்.

சரி, பாதிச் சரிவில் இன்ஜின் நின்றுபோனால்?

பம்பும் நின்றுவிடும். ஆனால் பிரேக் நிற்கக் கூடாது. இதற்காகத்தான் பம்புக்கும் பெடலுக்கும் இடையில் ஒரு இரும்புக் குடுவை உட்கார்ந்திருக்கிறது. அதுதான் அக்குமுலேட்டர். இன்ஜின் ஓடும்போது அழுத்தத்தோடு ஆயிலைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இன்ஜின் நின்ற பிறகும் சில முறை முழுதாக பிரேக் பிடிக்க அந்த ஆயிலைக் கொடுக்கும். சக்கரத்தில் ஓடும் மண் அள்ளும் இயந்திரங்களுக்கான சர்வதேச பிரேக் நெறியான ஐஎஸ்ஓ 3450, இப்படிச் சேமித்த சக்தி எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே பேசுகிறது.

ஆயிலை அப்படியே குடுவையில் அடைத்து வைத்தால் போதாதா என்று தோன்றலாம். போதாது. ஆயில் அநேகமாகச் சுருங்கவே சுருங்காது. துளி வெளியேறினாலும் அழுத்தம் மடமடவென்று விழுந்துவிடும். சுருங்கி, பிறகு விரியக்கூடிய ஒன்று உள்ளே வேண்டும். அந்த வேலையை வாயு செய்கிறது. குடுவையின் ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் ஆயில், நடுவில் ஒரு தடுப்பு. தடுப்பு ரப்பர் பையாக இருந்தால் பிளாடர் வகை, ரப்பர் தகடாக இருந்தால் டயஃப்ரம் வகை, சீல் போட்ட உலோக உருளையாக இருந்தால் பிஸ்டன் வகை. பம்ப் ஆயிலைத் தள்ளத் தள்ள நைட்ரஜன் சுருங்கும். பெடலை மிதித்தால் நைட்ரஜன் விரிந்து ஆயிலை வெளியே தள்ளும்.

ஆயில் கொஞ்சமும் இல்லாதபோது நைட்ரஜன் பக்கம் எவ்வளவு அழுத்தம் இருக்கிறதோ அதற்கு ப்ரீசார்ஜ் என்று பெயர். ஒவ்வொரு வண்டிக்கும் இதற்கு ஓர் அளவு உண்டு, மேனுவலில் இருக்கும். பட்டறையில் அக்குமுலேட்டரைச் செக் பண்ணுவது என்று சொல்வது இந்த ஒரு எண்ணைச் சரிபார்ப்பதைத்தான்.

மீட்டர் சொல்லாத கணக்கு

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கேபினில் பிரேக் பிரஷர் மீட்டர் பச்சையில் நிற்கிறது, அப்படியென்றால் அக்குமுலேட்டர் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மீட்டர் காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை. ஆயில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை அது காட்டாது. நைட்ரஜன் முக்கால்வாசி கசிந்துபோன குடுவையிலும் பம்ப் ஓடினால் மீட்டர் அதே இடத்தில்தான் நிற்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் வண்டிக்குரியவை அல்ல. குடுவையின் கொள்ளளவு 1 லிட்டர். ப்ரீசார்ஜ் 60 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). பம்ப் தள்ளும் ஆயிலைக் குடுவைக்கு விடும் சார்ஜிங் வால்வ் 150 பாரில் நிரப்புவதை நிறுத்தும். 120 பாருக்கு இறங்கினால் மறுபடி நிரப்பும். ஒரு முழு மிதிக்கு 0.05 லிட்டர் ஆயில் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம்.

வெப்பநிலை மாறாமல் இருந்தால், அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் வரும் எண் மாறாது. 1662-ல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இது, பள்ளியில் படித்ததுதான். 60 பாரில் 1 லிட்டராக இருந்த நைட்ரஜன் 150 பாரில் 0.4 லிட்டராகச் சுருங்கும். மீதி 0.6 லிட்டர் இடத்தில் ஆயில். மிதிக்கு 0.05 என்றால் 12 மிதி.

இப்போது நைட்ரஜன் கசிந்து ப்ரீசார்ஜ் 20 பாருக்கு இறங்கிவிட்டது. பம்ப் ஓடுகிறது, மீட்டர் அதே 150. உள்ளே நைட்ரஜன் 0.133 லிட்டராக நசுங்கிக் கிடக்கிறது. குடுவையில் ஆயில் முன்பைவிட அதிகம்தான், ஆனால் அதைத் தள்ளுவதற்கு ஆள் இல்லை. அழுத்தம் 150-லிருந்து 60-க்கு இறங்குவதற்குள் வெளியே வருவது 0.2 லிட்டர். அதாவது 4 மிதி. அதன் பிறகும் ஆயில் வரும், ஆனால் 20 டன்னைப் பிடித்து நிறுத்தும் அழுத்தம் அதில் இருக்காது.

12 மிதி 4 மிதியாகிவிட்டது, மீட்டர் ஒரு கோடுகூட நகரவில்லை. இன்ஜின் ஓடும் வரை ஆபரேட்டருக்கு வித்தியாசமே தெரியாது. இன்ஜின் நிற்கும் அன்றுதான் தெரியும். (வேகமாக மிதிக்கும்போது வாயு குளிர்ந்து கணக்கு இன்னும் கொஞ்சம் குறையும். இந்த வித்தியாசம் நமக்குச் சாதகமாக வராது என்பதை மட்டும் நினைவில் வைக்கவும்.)

சீட்டில் உட்கார்ந்தே தெரிந்துகொள்வது

ஸ்பேனர் எடுப்பதற்கு முன்பே நிறையத் தெரிந்துகொள்ளலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் இறக்கி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இதில் எதையும் விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் அடுத்துச் செய்யப்போவது பிரேக் ஆயிலைக் காலி செய்யும் வேலை. இன்ஜினை ஓடவிட்டு அழுத்தம் ஏறியதும் அணைத்து, சாவியை மீட்டரும் விளக்கும் எரியும் நிலையில் வையுங்கள். இப்போது பெடலை முழுதாக மிதித்து விடுங்கள். எண்ணிக்கொண்டே மிதியுங்கள்.

நம் கணக்குப்படி நல்ல அக்குமுலேட்டரில் முதல் மிதிக்கு 150-லிருந்து 133-க்கு இறங்கும். நைட்ரஜன் கசிந்ததில் அதே முதல் மிதிக்கு 109-க்குப் பாயும். எத்தனையாவது மிதியில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, பஸ்ஸர் அடிக்கிறது என்பதை மேனுவலில் கொடுத்த எண்ணோடு ஒப்பிட்டால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

டெஸ்ட் போர்ட்டில் (கேஜ் மாட்டுவதற்கென்றே பிரேக் லைனில் விட்டிருக்கும் வாய்) நல்ல கேஜ் ஒன்றைப் பொருத்திக்கொண்டு தொடர்ந்து மிதித்தால் இன்னொன்றும் தெரியும். முள் படிப்படியாக இறங்கிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் சட்டென்று பூஜ்யத்துக்கு விழும். அது விழத் தொடங்கிய எண்தான் ஏறத்தாழ ப்ரீசார்ஜ். அந்த இடத்தில் குடுவையின் ஆயில் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஸ்டார்ட் செய்யும்போது இதுவே தலைகீழாக நடக்கும்: முள் ஒரே தாவாக ப்ரீசார்ஜ் வரை ஏறி, அதன் பிறகு நிதானமாக மேலே போகும். நைட்ரஜனைத் தொடாமலே இவ்வளவு தெரிந்துவிடுவதால், என்னைக் கேட்டால் ஒவ்வொரு ஆபரேட்டரும் இந்தச் சோதனையைக் கற்றுக்கொள்ள வேண்டும். மிதிகளை எண்ணுவதற்குத் தனிக் கருவி வாங்கச் செலவில்லை என்பது முதலாளிக்கும் பிடிக்கும்.

வேலை நடக்கும்போது காதில் விழும் அறிகுறி ஒன்றும் உண்டு. நல்ல நிலையில் 150-க்கும் 120-க்கும் நடுவே இரண்டு மிதி ஆயில் இருக்கிறது. கசிந்த நிலையில் ஒரு மிதிக்குக்கூடப் போதாது. அதனால் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் சார்ஜிங் வால்வ் வேலைக்கு வரும், பம்பின் சத்தம் மாறும். ஆனால் எங்காவது ஆயில் உள்கசிவு இருந்தாலும் இதே அறிகுறி வரும். பெடலைத் தொடாமலே அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தால் கசிவைத் தேடுங்கள். மிதித்தால் மட்டும் விழுந்தால் நைட்ரஜனைப் பாருங்கள்.

நைட்ரஜன் மட்டும்தான், ஏன்?

‘காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே, கம்ப்ரஸர் காற்றை அடித்தால் என்ன?’ என்று ஒருவராவது கேட்பார். நியாயமான கேள்விதான். பதில் மீதி இருக்கும் 21 சதவீதத்தில் இருக்கிறது, அது ஆக்சிஜன். அக்குமுலேட்டருக்குள் நடப்பது என்ன? வாயு வேகமாக அமுக்கப்படுகிறது, சூடாகிறது. ரப்பரோ சீலோ கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் ஆயில் அந்தப் பக்கம் ஆவியாகக் கலக்கிறது. அமுக்கிச் சூடாக்கிய காற்றில் எரிபொருளைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். டீசல் இன்ஜின் ஓடுவதே அப்படித்தான். அதே காரியம் வாய் மூடிய இரும்புக் குடுவைக்குள் நடந்தால் குடுவை தாங்காது. போதாக்குறைக்கு, காற்றில் இருக்கும் ஈரம் உள்ளே துருவையும் கிளப்பும்.

காற்றுக்கே இந்தக் கதி என்றால் ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டுவது வெடிகுண்டைத் தயார் செய்வதுதான். கேஸ் வெல்டிங் நடக்கும் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும், நைட்ரஜனோ வெளியிலிருந்து வரவேண்டும். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்தியாவில் நைட்ரஜன் சிலிண்டருக்குச் சாம்பல் உடலும் கறுப்புக் கழுத்தும். தொழில்துறை ஆக்சிஜனுக்கு முழுக் கறுப்பு. அழுக்கும் கிரீஸும் படிந்த பிறகு இரண்டையும் நிறத்தை வைத்துப் பிரிக்க முயல்வது முட்டாள்தனம். லேபிளில் எழுதியிருக்கும் பெயரைப் படியுங்கள். பெயர் தெரியாத சிலிண்டரை மாட்டாதீர்கள்.

அக்குமுலேட்டரில் அடைந்திருக்கும் சக்தி எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாம் எடுத்துக்கொண்ட 1 லிட்டர் குடுவையில், ஆயில் 150 பார் வரை ஏறும்போது சேரும் சக்தி ஏறத்தாழ 5,500 ஜூல். 50 கிலோ சிமென்ட் மூட்டையை 11 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிப்போடப் போதும். உள்ளே ஏற்கனவே இருந்த 60 பார் நைட்ரஜனின் சக்தியை இதில் நான் சேர்க்கவில்லை. ஆயிலை முழுதாகக் காலி செய்த பிறகும் அந்த நைட்ரஜன் உள்ளேயே இருக்கும். ஆயில் பக்கம் பூஜ்யம் என்றால் அக்குமுலேட்டர் பாதுகாப்பானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அளந்து பார்ப்பது

இனி வருவது மெக்கானிக் வேலை. முதல் தடவை செய்பவர் பக்கத்தில் பழகிய ஆள் இல்லாமல் தொடக் கூடாது. வேலையின் வரிசை தெரிந்தால் அவர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று புரியும், அதற்காகத்தான் இந்த விளக்கம்.

வண்டியை முன்பு சொன்னபடி நிறுத்தி, கட்டை வைத்து, சாவியை எடுத்து, பேட்டரி ஸ்விட்சை அணைத்து, யாரும் ஸ்டார்ட் செய்யாதபடி டேக் கட்டிவிடுங்கள். ஆயில் பக்கத்தைக் காலி செய்யுங்கள். சில வண்டிகளில் இதற்கு வடிகால் வால்வ் உண்டு, மற்றவற்றில் பெடலை மிதித்துத்தான் தீர்க்க வேண்டும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனி அக்குமுலேட்டர் இருப்பது வழக்கம், பார்க்கிங் பிரேக்குக்கோ ஸ்டியரிங்குக்கோ இன்னொன்று இருக்கலாம். நடுவில் ஒருவழி வால்வுகள் இருப்பதால் ஒன்று காலியானால் மற்றதும் காலி என்று எண்ணக் கூடாது. ஒவ்வொன்றிலும் பூஜ்யம் என்று கேஜ் வைத்துப் பாருங்கள். குடுவைக்குள் ஆயில் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் நைட்ரஜன் கேஜ் ப்ரீசார்ஜைக் காட்டாது, ஆயிலின் அழுத்தத்தைத்தான் திருப்பிச் சொல்லும். தப்பான ரீடிங் இப்படியும் வரும்.

குழாய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அழுத்தத்தில் இருக்கும் லைனில் இதைச் செய்யவே கூடாது. ஊசித் துளையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆரம்பத்தில் வலிகூடப் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். அப்படி நடந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல், உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். அழுத்தத்தில் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லவும் வேண்டும்.

அடுத்தது, நைட்ரஜனை அளக்கவும் ஏற்றவும் பயன்படும் சார்ஜிங் கிட். ஒரு கேஜ், நைட்ரஜனை வெளியே விடும் குமிழ், ஒருவழி வால்வ், அக்குமுலேட்டரின் மூக்கில் பொருந்தும் தலை, ஒரு ஹோஸ், இவ்வளவுதான். சில குடுவைகளில் டயர் ட்யூபில் இருப்பது போன்ற வால்வ் இருக்கும், சிலவற்றில் ஆலன் ஸ்க்ரூ. அதற்கேற்ற தலையை மாட்ட வேண்டும். சிறிய டயஃப்ரம் வகைகள் சிலவற்றில் வாயு வால்வே கிடையாது. இறங்கிவிட்டால் மாற்ற மட்டுமே முடியும்.

பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வால்வின் நேர்கோட்டில் முகம் வராதபடி தள்ளி நின்று மூடியைக் கழற்றுங்கள். கிட்டின் குமிழ் மூடியிருக்கிறதா என்று பார்த்து, தலையைக் கையால் திருகிப் பொருத்தி, பிறகு கைப்பிடியைத் திருப்பி வால்வைத் திறந்தால் கேஜ் ப்ரீசார்ஜைக் காட்டும். மூடியைக் கழற்றும்போதோ குமிழை லேசாகத் திறக்கும்போதோ நைட்ரஜனோடு ஆயில் வந்தால் அதற்கு மேல் அளக்க வேண்டியதில்லை. உள்ளே பை கிழிந்திருக்கிறது, அல்லது பிஸ்டன் சீல் போய்விட்டது. நைட்ரஜன் அடித்து அதைச் சரிசெய்ய முடியாது.

வெயிலும் ரீடிங்கும்

கேஜ் காட்டும் எண்ணை மேனுவலின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. மேனுவலில் பெரும்பாலும் 20 டிகிரிக்கான அளவு இருக்கும், பக்கத்தில் வெப்பநிலை அட்டவணையும் இருக்கும். 20 டிகிரியில் 60 பார் உள்ள அதே குடுவை 40 டிகிரியில் ஏறத்தாழ 64 காட்டும். மதிய வெயிலில் நின்று உலோகம் 55 டிகிரிக்குச் சூடாகியிருந்தால் 67 வரை போகும். நெய்வேலியிலோ கிருஷ்ணகிரியிலோ மே மாதம் மதியம் அளந்து, அதிகமாக இருக்கிறதே என்று கொஞ்சம் திறந்து விட்டால், உண்மையில் சரியாக இருந்ததைக் குறைத்துவிடுகிறீர்கள். காலையில், வண்டி ஓடுவதற்கு முன், நிழலில் அளப்பது நல்லது. ஓடி வந்த வண்டி என்றால் ஆற விடுங்கள்.

நைட்ரஜன் ஏற்றுவது

நம் ஊரில் கிடைக்கும் நைட்ரஜன் சிலிண்டர் புதிதாக வரும்போது 150 பார் அளவில் இருக்கும். ரெகுலேட்டர் இல்லாமல் அதை நேராக மாட்டக் கூடாது. ரெகுலேட்டரை வேண்டிய அளவுக்குச் சற்று மேலே வைத்து, சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி நிறுத்தி, வால்வை மெல்லத் திறக்க வேண்டும். மெல்ல என்று இங்கே சொல்வது ஓர் ஒப்புக்கு அல்ல. வேகமாகப் பாயும் நைட்ரஜன் கடுமையாகக் குளிரும், குளிர்ந்த ரப்பர் விறைத்துக் கிழியும். பிளாடர் வகையில் சீராக விரிவதற்கு முன்பே பையின் நுனி ஆயில் வாயில் சிக்கி அறுபடவும் செய்யும். முதல் இரண்டு மூன்று பார் வரும் வரை விசில் சத்தம்கூட வராத அளவுக்குத் திறந்தால் போதும், பிறகு கொஞ்சம் கூட்டலாம்.

அளவைச் சற்றுத் தாண்டியதும் சிலிண்டரை மூடிவிட்டு 10, 15 நிமிடம் காத்திருங்கள். உள்ளே வாயுவின் வெப்பநிலை வெளியோடு சமனாகும், முள் கொஞ்சம் நகரும். பிறகு குமிழைத் திறந்து சரியான அளவுக்கு இறக்குங்கள். மூடிய ஷெட்டிலோ, வண்டிக்கு அடியில் வேலை செய்யும் பள்ளத்திலோ இருந்துகொண்டு நைட்ரஜனை வெளியே விடாதீர்கள். அதற்கு மணமில்லை, ஆக்சிஜனை ஒதுக்கிவிட்டு நிற்கும், மூச்சு முட்டுவதே தெரியாமல் ஆள் விழுந்துவிடுவார்.

‘குறைவாக இருந்தால்தானே ஆபத்து, கொஞ்சம் கூடவே அடித்து வைப்போம்’ என்பதும் தப்பு. ப்ரீசார்ஜ் 110 பார் ஆகிவிட்டால் 120 பாரில் இருக்கும் ஆயிலுக்கு உள்ளே அநேகமாக இடமே இல்லை, 0.1 லிட்டர்கூட வராது. இரண்டு மிதியில் தீர்ந்துவிடும். கூடினாலும் குறைந்தாலும் மிதி எண்ணிக்கை குறையும்.

கைப்பிடியைப் பின்னுக்குத் திருப்பி வால்வை மூடி, கிட்டில் நிற்கும் வாயுவை விட்டு, கிட்டைக் கழற்றிய பிறகு வால்வில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வரவில்லை என்றால் மூடியை மறக்காமல் போடுங்கள். அது தூசிக்காக மட்டுமல்ல, கசிவுக்கு இரண்டாவது தடுப்பும் அதுதான். அப்புறம் இன்ஜினை ஸ்டார்ட் செய்து முள் தாவும் இடத்தைக் கவனித்து, அணைத்து, மிதிகளை மறுபடி எண்ணி, எதிரே ஆளில்லாத சமதரையில் மெதுவாக ஓட்டி பிரேக் பிடித்துப் பார்த்த பிறகுதான் வண்டியைச் சரிவுக்கு அனுப்ப வேண்டும்.

ரப்பர் வழியாக நைட்ரஜன் எப்போதும் சிறிது சிறிதாகக் கசியும். எந்தக் குடுவையும் காலத்துக்கும் நிற்காது. தேதி, வெப்பநிலை, ஏற்றுவதற்கு முன் இருந்த அழுத்தம், பிறகு வைத்த அழுத்தம் ஆகிய நான்கையும் வண்டியின் நோட்டில் எழுதி வையுங்கள். ஓராண்டில் இரண்டு மூன்று பார் இறங்கினால் திரும்ப ஏற்றினால் போதும். ஒரே வாரத்தில் பத்து பார் இறங்கினால் அது நைட்ரஜன் பிரச்சினை இல்லை. வால்வோ சீலோ ரப்பரோ போய்விட்டது, குடுவையை மாற்றுங்கள். கழற்றிப் போட்ட பழைய குடுவையிலும் நைட்ரஜன் இருக்கும். திறந்த வெளியில் அதை முழுதாக வெளியேற்றி, வால்வைக் கழற்றிய பிறகே காயலான் கடைக்குக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அங்கே முதலில் எடுக்கும் கருவி கேஸ் கட்டர்.